ஆகஸ்டில் இலையைப் பாருங்கள்

எங்கள் தெருவில் ரோஜாவைப் பற்றி இருவர் ஒரே கருத்தைச் சொல்லி நான் கேட்டதில்லை. இங்கிலாந்தின் நடுப்பகுதியில், வுல்வர்ஹாம்ப்டன் நகரத்தின் ஓரத்தில் இருக்கும் தெரு அது. வீட்டுக்கு முன்னால் நாலு எட்டு வைத்தால் முடிந்துவிடும் தோட்டம், பின்னால் நீளமாக ஒரு துண்டு நிலம். அநேகமாக எல்லா வீட்டிலும் ஒரு ரோஜாச் செடியாவது நிற்கும். நான் நிலக்கோட்டைப் பக்கம் பூ விவசாயம் பார்த்த குடும்பத்தில் பிறந்தவள். ரோஜா எனக்குப் புதிதல்ல. ஆனால் ரோஜாவைப் பற்றி வேலியோரம் நின்று மணிக்கணக்கில் வாதாடலாம் என்பது புதிது. ஊரில் விடிவதற்குள் மொட்டாகப் பறித்து, மார்க்கெட்டுக்கு அனுப்பி, கிலோ கணக்கில் நிறுத்துக் கொடுத்துவிடுவோம். பூவைச் செடியில் முழுக்க மலர விட்டால் விலை போகாது. இங்கே பூ மலர்ந்த பிறகுதான் பேச்சே ஆரம்பிக்கிறது.

வாதத்தின் நடுவில் இருப்பது பெரும்பாலும் 'இங்கிலீஷ் ரோஸ்' என்ற வகை. அதை உருவாக்கிய டேவிட் ஆஸ்டின் எங்கள் வட்டாரத்துக்காரர். வுல்வர்ஹாம்ப்டனில் ரயிலேறி பில்ப்ரூக், காட்சால் தாண்டினால் அடுத்து ஆல்பிரைட்டன். அங்கே விவசாயக் குடும்பத்தில் 1926-இல் பிறந்தவர் அவர். அப்போது தோட்டங்களை ஆண்டவை ஹைப்ரிட் டீ ரோஜாக்கள். 1867-இல் வந்த 'லா பிரான்ஸ்' என்ற ரோஜாவிலிருந்து அந்த வகையின் கணக்கைத் தொடங்குவார்கள். நீண்ட மொட்டு, நேரான தண்டு, பளிச்சென்ற நிறம், ஆண்டில் பல முறை பூ. அதற்கு முந்தைய காலிக்கா, டமாஸ்க் போன்ற பழைய ரோஜாக்களில் இதழும் அதிகம், வாசனையும் அதிகம். ஆனால் பெரும்பாலானவை ஆண்டுக்கு ஒரே முறைதான் பூக்கும். பழையதின் வடிவத்தையும் மணத்தையும் புதியதின் தொடர்பூப்பையும் ஒரே செடியில் கொண்டுவர முடியாதா என்று ஆஸ்டின் யோசித்தார்.

'பெல் ஐசிஸ்' என்ற காலிக்காவையும் 'டெய்ன்டி மெய்ட்' என்ற புளோரிபண்டா வகைப் புது ரோஜாவையும் இணைத்து அவர் எடுத்த 'கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரை' 1961-இல் வெளியானது. வடிவமும் வாசனையும் வந்துவிட்டன. பூப்பது மட்டும் ஆண்டுக்கு ஒரு முறைதான். மேலும் பல தலைமுறை இணைத்த பிறகு, 1969-இல் திரும்பத் திரும்பப் பூக்கும் ரோஜாக்களைச் சொந்த நிறுவனத்தின் பெயரில் விற்கத் தொடங்கினார். அவற்றில் பலவற்றுக்குச் சாசரின் கான்டர்பரி கதைகளில் வரும் பாத்திரங்களின் பெயர் வைத்தார். 1983-இல் செல்சி மலர்க் கண்காட்சியில் 'மேரி ரோஸ்', 'கிரஹாம் தாமஸ்' இரண்டையும் காட்டியபோதுதான் நாடு திரும்பிப் பார்த்தது. பழைய ரோஜாக்களில் அரிதான அடர்மஞ்சள் 'கிரஹாம் தாமஸ்' செடியில் இருந்தது. உலக ரோஜாச் சங்கங்களின் கூட்டமைப்பு 2009-இல் அதைத் தன் புகழ்வரிசையில் சேர்த்தது. ஆஸ்டின் 2018 டிசம்பரில் தன் 92-ஆவது வயதில் காலமானார்.

இந்த வரலாறு எனக்கு முழுதாகத் தெரிவதற்கு முன்பே, எதிர்வீட்டுப் பஞ்சாபி அம்மா என்னை ஆல்பிரைட்டனுக்கு அழைத்துப் போயிருந்தார். நான் அவரை ஆன்ட்டிஜி என்பேன். அவர் என்னை 'பேட்டி', அதாவது மகளே, என்பார். ஜூன் மாதம். ஆஸ்டினின் பண்ணையை ஒட்டிய தோட்டத்தில் ரோஜாக்கள் உச்சத்தில் இருந்தன. ஒரு பூவை முகத்துக்கு அருகில் வைத்துப் பார்த்தேன். ஊரில் நான் பார்த்த ரோஜாவின் நடுவில் கூம்பாக ஒரு மொட்டு எஞ்சியிருக்கும். இதில் அது இல்லை. வெளிவட்டத்தில் பெரிய இதழ்கள். உள்ளே போகப்போகச் சின்னச் சின்ன இதழ்கள் நெருக்கமாக மடிந்து, பூவின் முகத்தை நாலு பாகமாகப் பிரித்து நின்றன. நடுவில் ஒரு சிறு பச்சைக் கண். விரலால் விலக்கிப் பார்த்தால் உள்ளே இன்னும் இதழ்.

வாசனையிலேயே எங்களுக்குள் கருத்து பிரிந்தது. இங்கிலீஷ் ரோஜாவின் மணத்தை ஐந்தாகப் பிரிப்பார்கள்: பழைய ரோஜா மணம், தேயிலை மணம், பழ மணம், கஸ்தூரி மணம், வெள்ளைப்போள மணம். இந்தக் கடைசி மணம் 'கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரை' வழியாக வந்தது. எனக்கு அது அப்பட்டமான சோம்பு வாசனை, உடனே பிடித்துவிட்டது. ஆன்ட்டிஜி முகத்தைச் சுளித்துக்கொண்டு 'கெர்ட்ரூட் ஜீக்கில்' பக்கம் போய்விட்டார். 1986-இல் வந்த, அடர்ந்த இளஞ்சிவப்பு ரோஜா அது. அதன் மணம் நம் பன்னீர் ரோஜாவுக்கு மிக நெருக்கம். 'இதுதாம்மா ரோஜா, மத்ததெல்லாம் வெறும் பூ' என்றார். பின்னால் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் சோம்பு மண ரோஜா ஒன்றை நீட்டினேன். மருந்து பாட்டிலைத் திறந்த வாடை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். ஒரே பூ, மூன்று மூக்கு, மூன்று முடிவு.

அந்தப் பெரியவர் இந்த ஊரின் பூட்டுத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டின் முன்னால் ஹைப்ரிட் டீ ரோஜாக்களை நூல் பிடித்த வரிசையில் நட்டிருக்கிறார். போர் முடிந்த 1945-இல் பெயர் சூட்டப்பட்ட 'பீஸ்' ரோஜா அவற்றில் ஒன்று. இங்கிலீஷ் ரோஜா அவருக்கு ஆகாது. அவர் சொல்லும் முதல் குறை கழுத்து. 'அத்தனை இதழைத் தூக்க அந்தத் தண்டுக்கு வலுவில்லை. ஒரு மழை பெய்தால் எல்லாப் பூவும் தரையைப் பார்க்குது. ரோஜான்னா தலை நிமிர்ந்து நிற்கணும்' என்பார். சொன்னதில் பொய்யில்லை. இந்த வகையின் தொடக்ககால ரோஜாக்களில் பலவற்றுக்கு மெல்லிய தண்டு. இரண்டு நாள் விடாமல் தூறினால், இதழ் மிகுந்த மொட்டுகளின் வெளியிதழ் ஒன்றோடொன்று ஒட்டிப் பழுப்பாகி, மலராமலே அழுகுவதும் உண்டு.

ஆன்ட்டிஜி வீட்டில் இதே குறை அழகாகிவிட்டது. அவர் 'கெர்ட்ரூட் ஜீக்கில்' செடியை வாசல் கதவோரம் சுவரில் ஏற்றிவிட்டிருக்கிறார். புதராகவும் கொடியாகவும் வளர்க்கக்கூடிய செடி அது. பூக்கள் தலைக்கு மேலே இருந்து குனிவதால், கதவைத் திறக்கும்போது நேராக முகத்துக்கு வருகின்றன. நிமிர்ந்து நிற்கும் பூவை அந்த உயரத்தில் வைத்தால் அடிப்பக்கம்தான் தெரியும். பெரியவருடைய செடி முழங்கால் உயரம். அங்கே குனிந்த பூ மண்ணைத்தான் பார்க்கும். இருவரும் சொல்வது அவரவர் செடி நிற்கும் உயரத்துக்குச் சரி. இதைப் புரிந்துகொண்ட பிறகு தெருவில் கேட்ட மற்ற வாதங்களையும் நான் வேறு மாதிரி கேட்க ஆரம்பித்தேன்.

அவற்றில் மிகக் கடுமையானது கரும்புள்ளி நோயைப் பற்றிய வாதம். என் தோட்டத்துச் சிவப்பு ரோஜா ஒன்றில் அதை முதலில் பார்த்தது ஜூலைக் கடைசியில். அடியிலைகளில், மை சிந்திய மாதிரி ஓரம் பிசிறிய கறுப்பு வட்டங்கள். சில நாளில் வட்டத்தைச் சுற்றி மஞ்சள் பரவியது. தொட்டதும் இலை கையோடு வந்தது. ஆகஸ்டில் செடியின் கீழ்ப்பாதி மொட்டையாகி, உச்சியில் மட்டும் நாலு பூ. டிப்லோகார்ப்பான் ரோசே என்ற பூஞ்சை இது. இலை சில மணி நேரம் ஈரமாகவே இருந்தால் முளைத்து உள்ளே போய்விடும். மழைநீர் தெறித்து இலைக்கு இலை தாவும். உதிர்ந்த இலையில் குளிர்காலத்தைக் கழிக்கும். ஈரத்துக்குப் பஞ்சமில்லாத நாட்டில் அதற்கு வேறென்ன வேண்டும்?

பெரியவர் கோடை முழுதும் தவறாமல் மருந்தடிக்கிறார். ஆன்ட்டிஜி ஒரு சொட்டு அடிக்க மாட்டார். அவர் இதழ்களைச் சர்க்கரையோடு அடுக்கி ஜாடியில் போட்டு, ஜன்னல் வெயிலில் வைத்து குல்கந்து செய்கிறவர். வாயில் போடும் பூவில் மருந்தை எப்படி அடிப்பது? தெருமுனையில் இருக்கும் ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை மூன்றாவது கட்சி. மருந்தும் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். இரண்டு கோடை தொடர்ந்து இலை உதிர்க்கும் செடியைப் பிடுங்கிவிட்டு, தாங்கி நிற்கும் வகையை நடவேண்டும் என்பது அவர் கட்சி.

இந்தப் பேச்சில் பெரியவர் அடிக்கடி சொல்லும் ஒன்றை முதலில் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 'எங்கப்பா ரோஜாவுக்கு இந்த நோயே கிடையாது. அவர் மருந்தே அடிச்சதில்லை' என்பார். வயதானவர்களுக்கு எல்லாமே அந்தக் காலத்தில் நன்றாக இருந்ததாகத்தான் தோன்றும் என்று விட்டுவிட்டேன். காரணத்தை விளக்கியவர் ஆசிரியை. எங்கள் வட்டாரத்துக்கு 'பிளாக் கன்ட்ரி' என்று பெயர். நிலக்கரிச் சுரங்கம், இரும்பு உலை, பட்டறை, வீட்டுக்கு வீடு கரியடுப்பு. வானமே புகை. அந்தப் புகையில் இருந்த கந்தக டை-ஆக்சைடு, இலைமேல் வரும் பூஞ்சையைத் தலையெடுக்க விடாமல் வைத்திருந்தது. ரோஜாவுக்கு அடிக்கும் பழைய மருந்தும் கந்தகம்தானே! 1952-இல் லண்டனில் புகைமூட்டம் ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற பிறகு, 1956-இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. அடுப்புகள் மாறின, உலைகள் அணைந்தன, வானம் தெளிந்தது. மனிதர்களின் நுரையீரல் பிழைத்தது. ரோஜா இலையில் கரும்புள்ளி பெருகியது. பெரியவர் தன் அப்பாவின் ரோஜாவைப் பற்றிச் சொன்னது அந்தக் காலத்துக் காற்றில் முழு உண்மை.

ஒரு கருத்துக்கு மண் மட்டுமல்ல, தேதியும் உண்டு என்று அன்றுதான் தெரிந்தது. ரோஜாவை உருவாக்குகிறவர்களின் தீர்ப்புகூடக் காலத்தோடு மாறுகிறது. ஆஸ்டின் 1987-இல் வெளியிட்ட 'வில்லியம் ஷேக்ஸ்பியர்' நோய்க்கு இடம் கொடுத்ததால், அதற்குப் பதிலாக 'வில்லியம் ஷேக்ஸ்பியர் 2000' வந்தது. 2007-இல் வந்த 'மன்ஸ்டெட் வுட்' கருஞ்சிவப்பில் வெல்வெட் இதழ் கொண்ட பூ. அதைக் கொண்டாடாத தோட்டக்காரர்கள் குறைவு. மாறிவரும் தட்பவெப்பத்தில் நோயைத் தாங்குவதில்லை என்று அண்மை ஆண்டுகளில் அதை இங்கிலாந்தில் விற்பதை நிறுவனமே நிறுத்திக்கொண்டது. அதே பண்ணையிலிருந்து 2014-இல் வந்த 'ஒலிவியா ரோஸ் ஆஸ்டின்' நோயைத் தாங்குவதற்காகவே பெயர் வாங்கியது. ஆகவே 'இங்கிலீஷ் ரோஜா நோஞ்சான்' என்பவரும் 'அருமையான செடி' என்பவரும் இரண்டு வெவ்வேறு தலைமுறைச் செடிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கலாம்.

ஆசிரியையின் கட்சியில் இன்னொரு நியாயமும் இருக்கிறது. அவர் தோட்டத்தில் தேனீதான் முதல் விருந்தாளி. வேலியோரம் தானாக வளரும் காட்டு ரோஜாவுக்கு ஐந்தே இதழ். நடுவில் மகரந்தம் திறந்து கிடக்கும். தேனீ இறங்கியதும் வேலை முடியும். இதழ் மிகுந்த ரோஜாவில் மகரந்தத் தாள்களில் பெரும்பகுதி இதழாகவே மாறிவிட்டிருக்கும். மிச்சம் இருப்பதையும் மடிப்புகள் மூடிக்கொள்ளும். தேனீ சுற்றிச் சுற்றி வந்துவிட்டுப் போய்விடும். அவர் வளர்ப்பது 'கியூ கார்டன்ஸ்': 2009-இல் வந்தது, கொத்துக்கொத்தாக ஒற்றையடுக்கு வெள்ளைப் பூ, முள் அநேகமாகக் கிடையாது. அதுவும் ஆஸ்டின் உருவாக்கியதே. ஒரே பண்ணையின் செடிகளை ஒரே தெருவில் ஒருவர் குல்கந்துக்கும் ஒருவர் தேனீக்கும் வளர்க்கும்போது, சிறந்தது எது என்ற கேள்விக்கு ஒற்றை விடை வராது.

கவாத்து, நடவு போன்றவற்றில் வரும் சச்சரவுகள் சீக்கிரம் தீர்ந்துவிடுகின்றன. ஜனவரியிலேயே வெட்டலாம் என்பவர் உண்டு, உறைபனி போகட்டும், மார்ச் வரை பொறு என்பவரும் உண்டு. வெளிப்புறம் பார்த்த கணுவுக்கு மேலே சாய்வாக வெட்டவேண்டும் என்பது பெரியவருக்கு வேதம். ஆனால் 1876-இல் தொடங்கி 2017-இல் மூடப்பட்ட ராயல் நேஷனல் ரோஸ் சொசைட்டி, செயின்ட் ஆல்பன்ஸில் இருந்த தன் தோட்டத்தில் 1990களில் ஒரு சோதனை நடத்தியது. வேலி வெட்டும் மின்கத்தரியால் கணுவே பாராமல் மட்டமாக அறுத்த செடிகள், பார்த்துப் பார்த்துக் கவாத்து செய்த செடிகளுக்குக் குறையாமல் பூத்தன. அதேபோல, ஒட்டுக்கட்டிய இடம் மண்ணுக்குள் சில அங்குலம் புதைய வேண்டும் என்று இங்கே சொல்வார்கள். பனியிலிருந்து காப்பு, காற்றில் ஆடாது. எங்கள் ஊரில் அந்த இடம் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும் என்பார்கள். புதைத்தால் சூட்டிலும் ஈரத்திலும் அழுகும், அடித்தண்டு துளிர்ப்பதும் தெரியாது. பனி இருக்கும் இடத்து விதி ஒன்று, வெயில் இருக்கும் இடத்து விதி ஒன்று.

என் அப்பா இதையெல்லாம் ஒரே கேள்வியில் முடித்துவிடுவார். பூ மார்க்கெட்டில் யாராவது புது உரத்தையோ புது ரகத்தையோ புகழ்ந்தால், சிரித்துக்கொண்டே கேட்பார்: 'ஏப்பா, உந்தோட்டம் எந்தப் பக்கம்? செம்மண்ணா, கரிசலா? கிணத்துத் தண்ணியா, போர்த் தண்ணியா?' பதில் வந்த பிறகுதான் மேற்கொண்டு பேச்சு. அந்த ஆளை அவர் சந்தேகப்படவில்லை. அந்த ஆள் சொன்னதை எந்த இடத்தில் வைத்துப் புரிந்துகொள்வது என்று தெரிந்துகொள்வதற்கான கேள்வி அது. கலிபோர்னியாவில் இருக்கும் என் சித்தி மகள், எங்கள் பக்கம் இடுப்பைத் தாண்டி மார்புயரத்தில் நிற்கும் 'கிரஹாம் தாமஸ்' தன் வீட்டில் கூரையைத் தொடுகிறது என்று படம் அனுப்பினாள். அங்கே வெயில் அதிகம், குளிர்காலம் மென்மை. பல இங்கிலீஷ் ரோஜாக்கள் கொடியாகவே நீண்டுவிடுகின்றன. அவளுக்கு இது அடங்காத செடி, எனக்கு அடக்கமான செடி. இருவரும் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறோம்.

நான் இங்கிலீஷ் ரோஜாவின் கட்சி. அந்த மடிப்பு மடிப்பான முகத்துக்காகவும் மணத்துக்காகவும் கழுத்துச் சாய்வைப் பொறுத்துக்கொள்கிறேன். எங்கள் நிலம் களிமண். தொழு உரம் நிறையக் கலந்து, செடிக்குச் செடி காற்று புகும்படி இடம்விட்டு நடுகிறேன். உதிர்ந்த இலையைப் பொறுக்கி அகற்றுகிறேன், மருந்து அடிப்பதில்லை. இது வுல்வர்ஹாம்ப்டன் களிமண்ணில், இந்தக் காலத்துக் காற்றில், பூவைப் பறிக்காமல் பார்த்துக்கொண்டிருப்பதற்காகவே வளர்க்கும் ஒருத்தியின் கருத்து. இதற்கு மேல் அதற்கு அதிகாரம் கிடையாது.

நீங்கள் ரோஜா வைக்க நினைத்தால் ஜூன் மாதத்துப் பூவைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஜூனில் எல்லாச் செடியும் அழகுதான். இங்கிலாந்தில் இருப்பவர்கள் ஆகஸ்டில் உங்கள் தெருவை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். மழையும் ஈரமும் கடந்த பிறகு எந்தச் செடியில் இலை பச்சையாக நிற்கிறது என்று பார்த்து, அந்த வீட்டுக் கதவைத் தட்டிப் பெயர் கேளுங்கள். தமிழ்நாட்டில் இருப்பவர்கள் மழைக்காலம் முடிந்ததும் இதையே செய்யலாம். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் வளர்ப்பவர் சொல்வதைச் சென்னை மொட்டைமாடிக்கு அப்படியே கொண்டுவர வேண்டாம். இந்த ரோஜாக்களின் முன்னோர் பலர் குளிரில் ஓய்வெடுத்துப் பழகியவர்கள். எந்த ஊரானாலும், ரோஜாவைப் பற்றி அடித்துப் பேசுகிறவரிடம் முதலில் அவர் தோட்டத்தைக் காட்டச் சொல்லுங்கள். பார்த்துவிட்டு வந்து, உங்கள் மண்ணுக்கு எது ஒத்துவரும் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.